நான்கு இருபதுக்குச் சேமித்த கோப்பு

ஒரு கேம் லினக்ஸில் ஓடும் என்று யாராவது சொன்னால் சோடாபுட்டி கேட்கும் முதல் கேள்வி, "நீங்க ஓட்டிப் பாத்தீங்களா?" என்பதுதான். ஓட்டிப் பார்க்காமல் அவன் எதையும் எழுதுவதில்லை. லினக்ஸில் கேம் ஆடும் தமிழர்களுக்கென்று இணையத்தில் ஒரு சின்னக் குழு இருந்தது. முந்நூற்றுச் சொச்சம் பேர். அதில் மாதம் ஒருமுறை, புதிதாக வரும் கேம்களைப் பற்றி அவன் எழுதும் கருத்துக்காகக் காத்திருக்கிறவர்கள் நாற்பது பேராவது இருப்பார்கள். நாற்பது என்பது அவன் மனதுக்குள் வைத்திருந்த எண். யாராவது கேட்டால் முப்பது என்று குறைத்துச் சொல்வான்.

சோடாபுட்டி என்பது அக்கா வைத்த பெயர். எட்டு வயதில் அவனுக்குத் தடித்த கண்ணாடி மாட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் அப்படிக் கூப்பிடுவதற்கு முன் வீட்டிலேயே கூப்பிட்டுப் பழக்கிவிட்டால் அவ்வளவாக உறைக்காது என்று அவள் முந்திக்கொண்டாள். இப்போது அவனுக்கு இருபத்து நான்கு வயது. ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டுகிறான். குழுவிலும் அதே பெயரில்தான் எழுதுகிறான்.

லினக்ஸும் அக்கா கொடுத்ததுதான். அவள் கல்லூரியில் வைத்திருந்த கணினி கிழடு தட்டி, விண்டோஸைச் சுமக்க முடியாமல் மூச்சு வாங்கியபோது, ஒரு விடுமுறை முழுக்க உட்கார்ந்து அதில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டாள். "இது யாருக்கும் சொந்தமில்லடா, அதனால நமக்கும் சொந்தம்," என்றாள். பெரும்பாலான கேம்களை விண்டோஸுக்கென்றே செய்கிறார்கள். லினக்ஸ்காரர்கள் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளனை உட்காரவைத்தது போல ஒரு மென்பொருளை வைத்துக்கொண்டு ஆட வேண்டும். சில கேம்கள் அந்த மொழிபெயர்ப்பாளனோடு கொஞ்சிக் குலாவும். சில முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எது எப்படி என்று ஒன்றுவிடாமல் குறித்துவைப்பது அக்காவின் பழக்கமாக இருந்தது. அவள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனதும் கணினியோடு சேர்ந்து அந்தப் பழக்கமும் தம்பிக்கு வந்தது. அவளோ போன இடத்தில் மாமா வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில், மற்ற எல்லாரையும் போல விண்டோஸுக்கு மாறிக்கொண்டாள்.

அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு கேம். அதன் பெயர் சால்ட்வாட்டர் ஜங்ஷன். கடலில் பன்னிரண்டு தீவுகள். பாலம் கட்டி, தண்டவாளம் போட்டு, ரயில் விட வேண்டும். ஆறு தீவு அவனுக்கு, மஞ்சள் நிறம். ஆறு தீவு அக்காவுக்கு, நீலம். இருவரும் ஒரே நேரத்தில் ஆட வேண்டியதில்லை. ஒருவர் ஆடிச் சேமித்தால் அந்தக் கோப்பு கேம் கம்பெனியின் கணினிக்குப் போய், அங்கிருந்து மற்றவர் கணினிக்கு வரும். அடுத்தவர் தீவில் கை வைக்கக் கூடாது என்பது அவர்களே போட்டுக்கொண்ட சட்டம். ஆடி முடித்ததும் ஒரு சிவப்பு ரயிலைக் கொண்டுபோய் அடுத்தவர் ஸ்டேஷனில் நிறுத்திவிட வேண்டும் என்பது இன்னொரு சட்டம். ரயில் வந்து நின்றால், இனி உன் முறை என்று பொருள்.

ஸ்டேஷன்களுக்குப் பெயர் வைப்பது அக்கா. 'அம்மா கோபம்' என்று ஒரு ஸ்டேஷன், அதற்கு அடுத்தது 'அம்மா இன்னும் கோபம்', அதற்கும் அடுத்து 'அப்பா தலையிட்டார்'. அங்கிருந்து 'சமாதானம்' வரைக்கும் போகிற ரயில் எப்போதும் தாமதம்தான்.

அக்காவுக்குக் குழந்தை பிறந்து எட்டு மாதமாகிறது. அந்த எட்டு மாதமும் சிவப்பு ரயில் அக்காவின் 'அம்மா கோபம்' ஸ்டேஷனிலேயே நின்றுகொண்டிருந்தது. சோடாபுட்டி வாரத்துக்கு ஒருமுறை கேமைத் திறப்பான். ரயில் நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பான், மூடிவிடுவான். குழந்தையை வைத்துக்கொண்டு எப்படி ஆடுவாள், அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று ஒவ்வொரு முறையும் தனக்கே சொல்லிக்கொள்வான். அடுத்த வாரம் மறுபடியும் திறப்பான்.

இந்த நிலையில்தான் அந்தக் கேமின் இரண்டாம் பாகம் வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. மொழிபெயர்ப்பாளன் தேவையில்லை, லினக்ஸுக்கென்றே தனியாகச் செய்திருக்கிறார்கள், பழைய வரைபடத்தையும் அப்படியே கொண்டுவரலாம் என்று சொன்னார்கள். படித்து முடித்ததும் முதல் வரியிலிருந்து மறுபடியும் படித்தான். லினக்ஸில் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, அக்கா இருப்பது விண்டோஸில் அல்லவா என்று யோசித்தும் பார்த்தான். அது சரியான யோசனைதான். ஆனால் புதிதாக ஒன்று வந்தால் அவளும் எட்டிப் பார்ப்பாள் என்கிற எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது. போ என்றால் போகவில்லை.

அந்த மாதக் கருத்தை அவன் வழக்கத்தைவிடக் கவனமாக எழுதத் தொடங்கினான். முதல் இரண்டு கேம்கள் எளிதில் முடிந்தன. 'அயர்ன் ஆர்ச்சர்ட்' லினக்ஸுக்கென்றே செய்ததாகப் பீற்றிக்கொண்டு வந்தது. திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பு சைஸ், பெரிதாக்க வழியில்லை. "வீட்டுக்கு வாங்க வாங்கன்னு கூப்பிட்டுட்டு, வந்ததும் உக்காரச் சொல்லாம நிக்க வெச்ச மாதிரி இருக்கு" என்று எழுதினான். 'டென்த் பேரிகேட்' பத்துப் பத்துப் பேராகச் சுட்டுக்கொள்கிற கேம். ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க அதில் ஒரு காவல் மென்பொருள் உண்டு. லினக்ஸ் என்று தெரிந்த மாத்திரத்தில் வெளியே தள்ளிவிடும். "நம்ம பையைத் தொறந்து பாக்கக்கூட இல்லை. மூஞ்சியப் பாத்தே திருடன்னு முடிவு பண்ணிட்டாங்க. நல்ல கேம்தான். அதனாலதான் வலிக்குது" என்று எழுதினான்.

மூன்றாவது, சால்ட்வாட்டர் ஜங்ஷன் இரண்டாம் பாகம். அதன் முன்னோட்டப் பதிப்பு வந்திருந்தது. இதைப் பற்றி மட்டும் யாரும் ஒரு குறை சொல்ல முடியாதபடி எழுத வேண்டும் என்று நினைத்தான். அதற்கு விண்டோஸில் எப்படி ஓடுகிறது, லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்று ஒரே கணினியில் அளக்க வேண்டும். பழைய கேமையும் இரண்டிலும் அளந்தால்தான் ஒப்பிட முடியும். ஆகவே, ஆறு வருடத்துக்குப் பிறகு, அந்தக் கணினியின் ஓர் ஓரத்தில் விண்டோஸையும் குடியேற்றினான். குழுவில் சொன்னபோது ஒருவர், "சோடாபுட்டியும் கட்சி மாறிட்டாரா?" என்று கேட்டார். "உளவு பாக்கப் போறேன் தோழர்," என்று பதில் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விண்டோஸில் இரண்டு கேமையும் ஓட்டி அளந்தான். பிறகு கணினியை லினக்ஸுக்கு மாற்றினான். பின்னால் வேறு எந்த வேலையும் நடந்து அளவைக் கெடுக்கக் கூடாது என்று இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டு அங்கேயும் அளந்தான். எல்லாம் முடித்துச் சேமித்தபோது பன்னிரண்டு முப்பத்தைந்து. கணினியை அணைத்துவிட்டுச் சாப்பிட்டான். முடி வெட்டிக்கொண்டு வந்தான். மாலை ஏழு மணிக்குக் கேபிளைச் சொருகிப் பழைய கேமைத் திறந்தால், அது ஒரு கேள்வி கேட்டது. இரண்டு கோப்புகள் இருக்கின்றன, எது வேண்டும்? இந்தக் கணினியில் இருப்பது ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குச் சேமித்தது. கம்பெனியின் கணினியில் இருப்பது நான்கு இருபதுக்குச் சேமித்தது.

எத்தனை மணிக்கு என்ன செய்தோம் என்று யோசிக்காமல், நான்கு இருபது என்பது தான் விண்டோஸில் ஆடிச் சேமித்தது என்று அவன் நினைத்தான். எது பிந்தியதோ அதுதானே சரி. ஆறு ஐந்தை அழுத்தினான். கேம் திறந்தது. ரயில் 'அம்மா கோபம்' ஸ்டேஷனில் நின்றது. மூடிவிட்டான்.

புதன்கிழமை மதியம், கடையின் பின்னறையில் லென்ஸ் அரைக்கும் மெஷினைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது.

"பாத்தியா?" என்றாள் எடுத்ததும்.

"என்னத்தை?"

"என்னத்தையா. ஞாயித்துக்கிழமை பாப்பா மடியிலேயே தூங்கிட்டா. எழுந்திருக்க முடியலை, அப்படியே லேப்டாப்ப இழுத்து நாப்பது நிமிஷம் ஆடினேன்டா. நீ வாரா வாரம் தொறந்து பாப்பேன்னு எனக்குத் தெரியும். பாத்திருப்பல்ல?"

இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எட்டு மாதம் கழித்து வந்திருக்கிறாள், அதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறான். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பார்க்கத்தானே போகிறோம், நான்கு மணி நேரம் முன்கூட்டிச் சொல்வது ஒரு பொய்யா என்று தோன்றியது.

"பாத்தேனே," என்றான். "சூப்பர்க்கா."

"சூப்பரா? அவ்வளவுதானா? ஊரான் கேமுக்கெல்லாம் பக்கம் பக்கமா எழுதறவன்."

"இல்லக்கா, நெஜமாவே நல்லா இருக்கு. எதிர்பாக்கவே இல்ல."

"கோவம் இல்லையே?" என்றாள்.

"எதுக்குக் கோவம்?"

"சரிடா. நீ புரிஞ்சிப்பேன்னு எனக்குத் தெரியும்." அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டது. "வெக்கறேன், எழுந்துட்டா."

எதற்குக் கோபப்பட வேண்டும் என்பது அவனுக்கு விளங்கவில்லை. சாயங்காலம் செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாகக் கணினியின் முன்னால் உட்கார்ந்தான். ரயில் 'அம்மா கோபம்' ஸ்டேஷனில் நின்றது. ஒரு தண்டவாளம் கூடவில்லை, ஒரு பாலம் கூடவில்லை. நீலத் தீவு ஆறையும் ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தான். எதிலும் மாற்றம் இல்லை.

பிறகு ஞாயிற்றுக்கிழமையை மணிவாரியாக ஒரு தாளில் எழுதினான். நான்கு இருபது என்று எழுதியதும் கை நின்றது. நான்கு இருபதுக்கு அவன் முடிவெட்டுகிற கடையில், கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. முடிவெட்டுகிறவர் இடப்பக்கத்தை முடித்து வலப்பக்கம் வந்தபோது நாலேகால் தாண்டியிருந்தது.

அப்படியானால் அந்த ஆறு ஐந்து எங்கிருந்து வந்தது? அதை யோசிக்க அவனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, தெரிந்த விஷயம்தான். கணினிக்குள் ஒரு சின்னக் கடிகாரம் உண்டு. அதில் உள்ளூர் நேரத்தை எழுதிவைப்பது விண்டோஸின் வழக்கம். அதில் இருப்பது உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்வது லினக்ஸின் வழக்கம். இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைத்தால் ஒன்று எழுதியதை மற்றது தப்பாகப் படிக்கும். இணையம் இருந்தால் லினக்ஸ் தன் தப்பைத் தானே திருத்திக்கொண்டுவிடும். அவன்தான் கேபிளைப் பிடுங்கியிருந்தானே. பன்னிரண்டு முப்பத்தைந்துக்குச் சேமித்த கோப்பில் ஐந்தரை மணி நேரம் கூடி, ஆறு ஐந்து என்று முத்திரை விழுந்திருக்கிறது. மாற்றம் எதுவும் இல்லாத சோதனைக் கோப்பை வைத்துக்கொண்டு, அக்கா கட்டியதை அவன் கையாலேயே அழித்திருக்கிறான்.

கம்பெனியின் கணினியில் இப்போது இருப்பது அவனுடைய அந்தச் சோதனைக் கோப்பு. அக்கா கட்டியது உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்க முடியும், அவள் லேப்டாப்பில். அதுவும் அவள் அடுத்த முறை கேமைத் திறக்கும் வரைக்கும்தான். திறந்தால், கம்பெனியின் கணினியிலிருந்து புதியது என்கிற பெயரில் அவனுடைய கோப்பு இறங்கி, அவளுடையதன் மேல் உட்கார்ந்துவிடும்.

உடனே கூப்பிட்டான். மணி அடித்து அடித்து நின்றது. இன்னொரு முறை கூப்பிட்டான். 'அக்கா, கேமைத் திறக்காதே, காரணம் சொல்கிறேன்' என்று எழுதி அனுப்பினான். அவள் பார்த்ததற்கு அடையாளம் வரவில்லை. 'பாத்தேனே, சூப்பர்க்கா' என்று தான் சொன்ன குரல் அவன் காதிலேயே திரும்பத் திரும்பக் கேட்டது. ஓட்டிப் பார்க்காத ஒன்றுக்கு அவன் சொன்ன முதல் கருத்து அது.

வியாழக்கிழமை கடையில் முன்னறையும் பின்னறையும் நிரம்பி வழிந்தன. கண் பரிசோதனை செய்கிற அம்மாளை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாள் முழுக்க வருகிறவர்களை எழுத்துப் படிக்கச் சொல்கிறவர். மதியம் ஒரு பவர் சீட்டைக் கொடுக்கப் பின்னறைக்கு வந்தவர், அவன் ஒரு லென்ஸில் நடுவைக் குறிக்கும் மூன்று மைப் புள்ளிகளை வைத்துவிட்டு, துடைத்துவிட்டு, மறுபடியும் வைப்பதைப் பார்த்தார்.

"எத்தனாவது தடவை தம்பி?"

"அஞ்சாவது."

"ரெண்டு தடவை வெச்சா போதும்னு நீதானே சொல்வ. என்ன, வீட்ல பொண்ணு பாக்கறாங்களா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல டீச்சர். அக்கா கட்டின ஒண்ண அழிச்சிட்டேன். பாத்தேன், நல்லா இருக்குன்னு பொய் வேற சொல்லிட்டேன்."

"வீடா?"

"ரயில்வே."

டீச்சர் கண்ணாடியை மூக்கில் இறக்கி அவனைப் பார்த்தார். "ரயில்வேயா? உங்க அக்கா பெரிய ஆளா இருப்பாங்க போலருக்கே."

கேம் என்று விளக்கினான். அவர் சிரிக்கவில்லை. "எங்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேரு எழுத்து தெரியாமலே தெரியுதுன்னு சொல்வாங்க. எதுக்குன்னே தெரியாது, வெக்கம். அப்புறம் தப்பான கண்ணாடியப் போட்டுக்கிட்டுத் தலைவலின்னு திரும்பி வருவாங்க. போய்ச் சொல்லிடு," என்றார். பவர் சீட்டைத் தட்டில் வைத்தார். "முதல்ல இதை வெட்டு. இந்த மனுஷர் ஒரு மணி நேரமா வெளியில உக்காந்திருக்கார்."

வெள்ளிக்கிழமை காலை, கடை திறக்க அரை மணி நேரம் இருக்கும்போது அக்காவே கூப்பிட்டாள்.

"ஆறு மிஸ்டு கால். என்னடா ஆச்சு? அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லக்கா. அம்மா நல்லா இருக்காங்க. கேமைத் தொறந்தியா?"

"என்னது?"

"புதன்கிழமைக்கு அப்புறம் கேமைத் தொறந்தியா, அதை மட்டும் சொல்லு."

"எருமை. இதுக்கா ஆறு கால்? மாமாகிட்ட டிக்கெட் பாருங்கன்னு சொல்ற வரைக்கும் போயிட்டேன். ரெண்டு நாளா பாப்பாவுக்குக் காய்ச்சல், போன் எங்க கெடக்குன்னே தெரியலை. இப்பதான் கையில எடுக்கறேன், மெசேஜ்கூட இன்னும் பாக்கலை."

"காய்ச்சல் எப்படி இருக்கு?"

"விட்டுடுச்சு. நீ விஷயத்தச் சொல்லு."

அவன் மெஷினின் விளிம்பில் சாய்ந்துகொண்டான். "அக்கா, நான் பொய் சொன்னேன். நீ கட்டினத நான் பாக்கவே இல்ல."

அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"பாக்கலையா?"

"பாக்கறதுக்கு முன்னாடியே அழிச்சிட்டேன்." எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். விண்டோஸ், கேபிள், ஆறு ஐந்து, முடிவெட்டும் கடை.

"மணியப் பாத்துத் தேர்ந்தெடுத்தியா?" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"ரெண்டு சிஸ்டத்த ஒரே மெஷின்ல வெச்சா மணி நாறிப் போகும்னு உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?"

"நீதான்."

"அப்ப?"

"எனக்குத் தெரியாம இல்லக்கா. நீ ஆடியிருப்பேன்னுதான் எனக்குத் தோணவே இல்ல."

அவள் பெருமூச்சு விட்டது காதில் கேட்டது. "நான் தொறக்கலை. தொறக்கவும் முடியாது. எடுத்துட்டேன்டா அதை."

"எதை?"

"கேமை. ஞாயித்துக்கிழமை ஆடி முடிச்ச கையோட எடுத்துட்டேன். லேப்டாப்ல இடமே இல்ல, பாப்பா வீடியோவே ரொம்பிக் கெடக்கு. அது மட்டும் இல்ல. நீ வாரா வாரம் தொறந்து பாக்கறது தெரிஞ்சுகிட்டே நான் ஆடாம இருக்கறது ஒரு மாதிரி இருந்துச்சு. யாரையோ பஸ் ஸ்டாப்ல நிக்க வெச்சிட்டுப் போகாம இருக்கற மாதிரி. அதைச் சொல்லத்தான் புதன்கிழமை கூப்பிட்டேன். நீ சூப்பர்னு சொன்ன. சரி, புரிஞ்சுக்கிட்டான், பெரிய மனுஷன் ஆயிட்டான்னு நெனச்சேன். மாமாகிட்ட வேற பெருமையா சொன்னேன்."

அவன் தலைக்குள் வேறொன்று ஓடியது. அதற்காகத் தன்மேலேயே கொஞ்சம் வெட்கப்பட்டான், ஆனாலும் கேட்டான்.

"எடுத்துட்டேன்னா, கேமை மட்டும் எடுத்தியா, இல்ல சேமிச்ச கோப்பையும் தேடி அழிச்சியா?"

"ஏன், அது தனியா வேறயா?"

"உங்கிட்ட கேம் இல்லன்னா என் கோப்பு வந்து உன்னோடது மேல உக்காரவும் முடியாது. கேமை எடுத்தாலும் கோப்பு அங்கயேதான் கெடக்கும். டாக்குமென்ட்ஸ்ல பாரு. கம்பெனி பேர்ல ஒரு ஃபோல்டர் இருக்கும்."

"இருடா, ஒத்தக் கையில டைப் பண்றேன்." கீபோர்டு சத்தம். குழந்தை எதையோ தட்டும் சத்தம். மாமாவின் குரல், "குடு நான் வெச்சுக்கறேன்." பிறகு அக்கா, "ஒரு கோப்பு இருக்கு. ஞாயிறு. இங்க பன்னெண்டு அம்பது காட்டுது, உனக்கு நாலு இருபது."

"அதுதான்."

"மெயில்ல அனுப்பறேன். சோடாபுட்டி."

"ம்."

"பாத்துட்டுத் திட்டணும்னா திட்டு. சூப்பர்னு மட்டும் சொல்லாதே."

அன்று மாலை கணினியிலிருந்து விண்டோஸை முதலில் அகற்றினான். கடிகாரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தான். இருந்த கோப்பைத் தனியாக எடுத்துவைத்தான். அக்கா அனுப்பியதை மூன்று இடங்களில் நகல் வைத்துக்கொண்டு, இணையத்தைத் துண்டித்துவிட்டுத் திறந்தான்.

வரைபடம் மேலிருந்து விரிந்தது. முதலில் அது வேறு யாருடைய வரைபடமோ என்று நினைத்தான். கடல் முழுக்க மஞ்சள்.

நீலத் தீவுகள் மஞ்சளாகியிருந்தன. அந்தக் கேமில் ஒரு தீவை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஆனால் அது லேசான காரியம் இல்லை. ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போய் ரயில்களை நிறுத்தி, சிக்னல்களை இறக்கி, பெயர்ப்பலகையில் உரிமையாளர் யார் என்பதை மாற்றி எழுத வேண்டும். அக்கா நாற்பது நிமிடம் கட்டிக்கொண்டிருக்கவில்லை, கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். 'அம்மா கோபம்' மஞ்சள். 'அப்பா தலையிட்டார்' மஞ்சள். ஸ்டேஷன் பெயர்கள் அப்படியே இருந்தன. சிவப்பு ரயில் அவனுடைய தீவில், அவனுடைய ஸ்டேஷனில் வந்து நின்றுகொண்டிருந்தது. எட்டு மாதம் அவன் எதற்காகக் காத்திருந்தானோ அது நடந்திருந்தது. இனி எப்போதும் அவன் முறைதான்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். அம்மா எட்டிப் பார்த்து, "என்னடா, ஒண்ணும் பண்ணாம டிவி மாதிரி பாத்துட்டு உக்காந்திருக்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பிறகு, பழக்கத்தால், தீவுகளை ஒவ்வொன்றாக எண்ணினான். பதினொன்றுதான் மஞ்சள். வரைபடத்தின் கீழ் மூலையில் ஒரு சின்னத் தீவு, ஒரே ஒரு ஸ்டேஷன், இன்னும் நீலமாக இருந்தது. அதன் சிக்னல்கள் இறக்கப்பட்டிருந்தன. ரயில்கள் நின்றிருந்தன. பெயர்ப்பலகை மட்டும் மாறவில்லை.

அவன் அக்காவுக்கு எழுதினான்: 'பாத்தேன். திட்ட வரல. ஒரு தீவு நீலமா இருக்கே?'

பதில் கொஞ்ச நேரத்தில் வந்தது. 'பாப்பா எழுந்துட்டா.'

அவன் அதைப் பல தடவை படித்தான். அவ்வளவுதான் காரணமா, இல்லை அதைக் காரணமாகச் சொல்கிறாளா என்று அந்த இரண்டு வார்த்தையிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. மறுபடியும் கேட்டால், மறந்து போயிடுச்சுடா, அதையும் நீயே எடுத்துக்கோ என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தான். கேட்கவில்லை.

சனிக்கிழமை கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டு இரண்டாம் பாகத்தைத் திறந்தான். பழைய வரைபடத்தைக் கொண்டுவரவா என்று கேட்டது. அக்கா அனுப்பிய கோப்பைக் காட்டினான். சத்தம் இல்லாமல், திக்கல் இல்லாமல், மொழிபெயர்ப்பாளன் யாரும் நடுவில் இல்லாமல், அது பன்னிரண்டு தீவையும் இறக்கிவைத்தது. கடல் முன்பைவிட ஆழமாகத் தெரிந்தது. பாலங்களுக்கு அடியில் நிழல் விழுந்தது. அவனுடைய கிழட்டுக் கணினியில் இது இப்படி ஓடும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவன் நம்பியிருக்க மாட்டான்.

அடுத்ததாகத் திரையில் ஒரு வாசகம் வந்தது. இந்த வரைபடத்தில் இருவருக்குத் தீவுகள் இருக்கின்றன. இரண்டாமவரை அழைக்க வேண்டுமா? வேண்டாம் என்றால் மீதித் தீவும் உங்களுக்கே சேரும்.

பன்னிரண்டும் மஞ்சளாக இருந்திருந்தால் இப்படிக் கேட்டிருக்காது. அவன் அக்காவின் மெயில் முகவரியை எழுதினான். அழித்தான். அவளை மறுபடியும் அதே பஸ் ஸ்டாப்புக்கு இழுப்பதாக ஆகுமோ என்று யோசித்தான். பிறகு எழுதி அனுப்பினான். கீழே தன் சார்பில் ஒரு வரி சேர்க்க இடம் இருந்தது. 'அவசரமே இல்லக்கா, வருஷக்கணக்கா ஆனாலும் சரி' என்று சேர்த்தான்.

சாயங்காலம் குழுவில் கருத்து வெளியானது. மூன்றாவது கேமைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம். வேகம், சூடு, எழுத்தின் அளவு, ஒலி, பழைய வரைபடம் எவ்வளவு சுத்தமாக வருகிறது, எல்லாம் எண்களோடு இருந்தன. ஒரே கணினியில் இரண்டையும் வைத்து அளக்கிறவர்கள் கடிகாரத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், நான் பார்க்காமல் விட்டு நட்டப்பட்டேன் என்று ஓர் எச்சரிக்கையும் இருந்தது. கடைசி வரி: "இருவர் ஆட்டம்: சோதிக்கவில்லை."

கட்சி மாறிவிட்டாரா என்று கேட்டவர்தான் முதலில் வந்தார். "அருமை தோழர். ஆனா அந்தக் கேமே ரெண்டு பேர் ஆடறதுக்காகத்தானே? அதை எப்ப சோதிப்பீங்க? நான் வேணா கூட வரட்டுமா?"

சோடாபுட்டி நன்றி என்று எழுதினான். பிறகு அதற்குக் கீழே எழுதினான்: "வேணாம் தோழர், ஆள் இருக்காங்க. அவங்க வீட்ல ஒரு குழந்தை தூங்கணும்."